சத்தம் நின்ற பள்ளிக்கூடம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடிகாரம் கிடையாது. ஊரில் யார் வீட்டிலும் கிடையாது. பள்ளிக்கூடமே ஊருக்குக் கடிகாரமாக இருந்தது. காலையில் ஒன்றாம் வாய்ப்பாட்டில் ஆரம்பித்து, இரண்டு, மூன்று என்று பிள்ளைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டே போவோம். அந்தச் சத்தம் கண்மாய்க் கரையைத் தாண்டி, கடலை விதைத்த கொல்லைக்காடு வரைக்கும் கேட்கும். ஆறாம் வாய்ப்பாடு காதில் விழுந்தால் மாட்டை அவிழ்ப்பார்கள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு கேட்டதும் பெண்கள் கஞ்சிக் கலயத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பிவிடுவார்கள். பதினாறாம் வாய்ப்பாட்டுக்குப் பிறகும் ஒருத்தி வீட்டில் நின்றால் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர்.

சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. குடுமியான்மலைப் பக்கத்தில் மானாவாரி ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு நீளக் கொட்டகை, பனையோலைக் கூரை. நடுவில் தடுப்பு இல்லை. ஒன்று முதல் மூன்று வரை படிக்கிறவர்கள் கிழக்கே பார்த்து உட்காருவார்கள். நாலும் ஐந்தும் மேற்கே பார்த்து உட்காருவோம். எல்லாருக்கும் சேர்த்துப் பெரிய வாத்தியார் ஒருவர்தான் இருந்தார். அவர் "டேய்" என்றால் கண்மாயில் கிடக்கும் எருமை தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று சொல்வார்கள். வாத்தியாருக்கு வேண்டியது தொண்டை என்பதே ஊரின் முடிவு.

நான் கூச்சக்காரன். இப்போதும் நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழாது. அந்தக் கூட்டச் சத்தத்துக்குள் நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டே நாலாம் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டேன். பாடங்களின் ராகம் எனக்குத் தெரியும். எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று தெரியும். எழுத்து தெரியாது. இது எனக்கு மட்டும் உள்ள ரகசியம் என்று பயந்துகொண்டிருந்தேன்.

நாலுக்கும் ஐந்துக்கும் தனியாக ஒரு வாத்தியாரைப் போட்டார்கள். பயிற்சி முடித்த கையோடு புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்தார். ஒல்லியான ஆள். குரலும் ஒல்லிதான். முதல் நாளே வேலியோரம் நின்று காது கொடுத்துக் கேட்ட என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஆளு லெச்சணமாத்தான் இருக்காரு. தொண்டையைத்தான் ஊர்ல வச்சுட்டு வந்துட்டாரு."

அந்த முதல் நாள் அவர் எங்களைப் பாடம் வாசிக்கச் சொன்னார். நாங்கள் கொட்டகை அதிரக் கத்தினோம். அவர் நடந்துகொண்டே வந்து, முன்வரிசையில் கத்திக்கொண்டிருந்த ஒருவனின் புத்தகத்தை மெதுவாக மூடினார். அவன் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடத்தைக் கடைசி வரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தான். பிறகு அவர் நாங்கள் இன்னும் போகாத ஒரு பக்கத்தைத் திருப்பி, "இதை வாசிங்க" என்றார். கொட்டகையின் மேற்குப் பாதி ஊமையாகிவிட்டது. என் ரகசியம் வகுப்பு முழுவதற்கும் பொதுவானது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு அதில் சந்தோஷம்.

அவர் திட்டவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல எங்களை மறுபடி எழுத்திலிருந்து ஆரம்பிக்க வைத்தார். மணலில் எழுத வைத்தார், கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஓரளவு வார்த்தைகள் பிடிபட்டதும் ஒரு நாள் சொன்னார்:

"இனிமே சத்தம் வேண்டாம். கண்ணால வாசிங்க. வாய் சும்மா இருக்கட்டும்."

வாய் எங்கே சும்மா இருந்தது? பழகிய வாய். உதடு தானாக முணுமுணுத்தது. வகுப்பே தேன்கூடு மாதிரி இரைந்தது. அவர் யோசித்துவிட்டுக் கூரையிலிருந்து ஓர் ஓலையை உருவினார். விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். வாசிக்கும்போது அதை உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். உதடு அசைந்தால் ஓலை விழுந்துவிடும். விழாமல் ஒரு பக்கம் முடித்தால் கெட்டிக்காரன்.

எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்கு அதைவிட மேலாக இருந்தது. ஒரு நரி, ஒரு கிணறு என்று ஏதோ கதை. யாரும் சொல்லாமல், யாரும் இழுக்காமல், அந்த நரி நேராக என்னிடம் வந்தது. சத்தத்துக்குள் ஒளிந்திருந்தவனுக்கு இனி ஒளிய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அதற்கப்புறம் அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். பலகையில் "ஜன்னலைத் திற" என்று எழுதிவிட்டு ஒருவனைப் பார்ப்பார். அவன் எழுந்துபோய்த் திறப்பான். "பானையில் தண்ணீர் இருக்கிறதா பார்" என்று எழுதுவார். ஒருத்தி பார்த்துவிட்டு வந்து தலையாட்டுவாள். யாரும் யாரையும் ஏவாமல் வேலை நடந்தது.

ஊருக்குத்தான் மணி தெரியாமல் போய்விட்டது. கிழக்கே பார்த்து உட்கார்ந்தவர்களுக்குப் பத்தாம் வாய்ப்பாட்டோடு சரி. பன்னிரண்டும் பதினாறும் எங்கள் வகுப்புச் சரக்கு. அது நின்றுபோனதில் மதியக் கஞ்சி நின்றுபோயிற்று. என்னைப் பெற்ற ஆத்தா அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொல்லையில் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் அவர் மண்வெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏண்டி, கஞ்சி கொண்டாரதா உத்தேசம் இருக்கா, இல்லையா?"

"பன்னெண்டாம் வாய்ப்பாடே இன்னும் வரலைங்க. நான் என்ன செய்ய?"

"பொழுது சாயப் போகுது. பன்னெண்டாவது, பதிமூணாவது!"

சண்டை அங்கே சுற்றி இங்கே சுற்றி என்னிடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னடா நடக்கிறது என்று அத்தையோடு சேர்ந்து மூன்று பேரும் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குச் சொல்ல வரவில்லை. கால்சட்டைப் பையிலிருந்த ஓலைத் துண்டை எடுத்துக் காட்டினேன்.

"இதை வச்சு வாத்தியார் என்ன செய்வாரு?" என்றாள் அத்தை.

செய்து காட்டினால் சுலபம் என்று நினைத்து, அதை உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

ஆத்தா வயிற்றில் அடித்துக்கொண்டாள். "அடி ஆத்தே! எம்புள்ளை வாயைக் கட்டிப்புட்டாரே!"

எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள், நரி வந்து குட்டியைத் தூக்காமல் இருக்க அதன் வாயை மந்திரத்தால் கட்டுவார்கள் என்று நம்பிக்கை. வாய்க்கட்டு என்று பெயர். நரிக்குச் செய்வதைப் பிள்ளைகளுக்குச் செய்துவிட்டார் புது வாத்தியார். ஓலையில் என்ன மந்திரித்தாரோ? நான் பிறந்ததிலிருந்தே வாயில்லாப் பிள்ளை என்பது அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் நினைவு வரவில்லை.

மறுநாள் மோர் விற்கப் போன ஒருத்தி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். வாத்தியார் வாயே திறக்கவில்லை, பிள்ளைகள் தானாக எழுந்து ஜன்னலைச் சாத்துகின்றன, தானாக உட்காருகின்றன என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். பிள்ளைகளின் நெற்றியில் விபூதி ஏறியது, கையில் கறுப்புக் கயிறு ஏறியது. சிலருடைய கையில் பிறகு ஆடு மேய்க்கும் கம்பே ஏறிவிட்டது. எங்கள் வரிசையில் ஓட்டை ஓட்டையாக இடம் தெரிய ஆரம்பித்தது.

பெரிய வாத்தியார் கெட்டவர் இல்லை. பயந்தவர். எங்களுக்குக் கேட்கும்படியாகவே அவர் புது வாத்தியாரிடம் கெஞ்சினார்.

"தம்பி, புள்ளைக தலை இப்படியே கொறைஞ்சா ஒரு வாத்தியார் வேலையை எடுத்துருவாங்க. ஊரு கேக்குறது சத்தம். குடுத்துட்டுப் போங்களேன்."

"சத்தம் குடுக்கலாம் சார். அதுக்குள்ள படிப்பு இல்லையே."

"தலை வழுக்கை விழுகுற மட்டும் நான் குடுத்தேன். ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கலை!"

புது வாத்தியார் சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போய் விளக்கினார். அவர் குரல் வாசலிலேயே நின்றுவிட்டது. "இவருக்கே எவனோ வாயைக் கட்டியிருக்கான்யா" என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா மரியாதையாக எழுந்து நின்றார். ஆனால் சொன்னது வேறு.

"பள்ளிக்கூடத்தைப் பாக்க இஸ்பெட்டர் வாரார்ல. அவருக்கிட்ட சொல்லி ஒங்களை மாத்திவிடச் சொல்லப்போறோம். மாத்தலையின்னா இவன் படிச்சது போதும். இவன் சித்தப்பன் நார்த்தாமலையில கல்லு ஒடைக்கிறான். அங்கிட்டு அனுப்பிருவேன்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கதையின் நரி அப்போது கிணற்றுக்குள் பாதியில் இருந்தது. அது வெளியே வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் கல்லுடைக்கப் போக வேண்டுமே என்பதே என் கவலை.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று ஊரில் யாரும் கொல்லைக்குப் போகவில்லை. கொட்டகையைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். கோட்டு, குடை, மூக்குக் கண்ணாடியோடு அவர் வந்து உட்கார்ந்ததும், பெரிய வாத்தியார் கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகளை விட்டு ஊரே நடுங்கும்படி வாய்ப்பாடு சொல்ல வைத்தார். கூட்டம் திருப்தியோடு தலையாட்டியது. பிறகு அவர் எங்கள் பக்கம் வந்து, "சத்தமா, சத்தமா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அதற்குள் அப்பா முன்னால் வந்துவிட்டார்.

"சாமி, எங்க புள்ளைக வாயை இந்த வாத்தியார் கட்டிட்டாருங்க. இவரை மாத்திவிட்டுருங்க. எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன கட்டினார்?" என்று புது வாத்தியாரைப் பார்த்தார். அவர் சொல்லிப் பார்த்துச் சலித்துவிட்டார் போலிருக்கிறது. சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினார். ஒரு பெண் எழுந்து, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். அடுத்து எழுதினார். ஒரு பையன் குடையை எடுத்து மூலையில் சாத்தினான். இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. ஆனால் கூட்டம் பின்வாங்கியது.

"பாத்தியா! பாத்தியா! வாய் அசையலை, ஆட்டி வைக்கிறாரு பாரு!"

"கட்டுத்தான்யா. சந்தேகமே இல்லை."

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே தானே எழுந்து எழுதினார். அதையும் ஒருவன் செய்தான். "அவரும் அந்தக் கூட்டந்தான்" என்றது வெளியே ஒரு குரல். எழுதுவது யாராக இருந்தாலும் மந்திரம் பலகையில் இருக்கிறது என்று ஆகிவிட்டது. புது வாத்தியார் பலகைக்குப் பக்கத்தில் சோர்ந்து நின்றார். இனி அவர் செய்ய ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஊரில் அவளை ஏமாற்றியவர் இல்லை.

"இந்தாங்க சாமி. வாத்தியாரும் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். எந்தம்பியே அவன் மகனை அங்கிட்டுப் புளியமரத்தடிக்குக் கூட்டிப் போயிரட்டும். நான் ஒங்க காதுல சொல்றதை அப்படியே எழுதுங்க. ஒரு சொல்லு கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. அவன் வந்து நான் சொன்னதைச் செஞ்சா, வாத்தியார் இருக்கட்டும். செய்யாட்டி, இன்னிக்கே சைக்கிளை ஏறச் சொல்லுங்க."

"சரிதானே?" என்று இன்ஸ்பெக்டர் கூட்டத்தைக் கேட்டார். சரி என்றார்கள்.

இத்தனை பிள்ளைகளில் அத்தைக்கு நான்தானா கிடைத்தேன்? அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் நிறுத்தினார். எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று இரண்டு உள்ளங்கையாலும் என் காதைப் பொத்திக்கொண்டார். தூரத்தில் கூட்டம் வாய் பிளந்து நிற்பது தெரிந்தது. பிறகு யாரோ கையசைத்தார்கள்.

உள்ளே போனோம். பலகையில் ஒரே வரி. நான் உதட்டை இறுக்கிக்கொண்டு வாசித்தேன்.

"உன் அப்பாவின் தலைத்துண்டை அவிழ்த்துப் பெரிய வாத்தியார் தலையில் கட்டு."

தப்பாக வாசித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. மறுபடி ஒவ்வோர் எழுத்தாகப் போனேன். அவிழ்த்து. கட்டு. எழுத்து மாறவில்லை. தகப்பனார் தலைத்துண்டில் கை வைப்பதா? அப்பா எனக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்றார். அவருக்கு எழுத்து தெரியாது. அவர் தலைக்கு வரப்போவது என்னவென்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அப்படி ஒரு நிலைமை என் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

புது வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாக வாசித்திருந்தால் அவர் போய்விடுவார். சரியாக வாசித்திருந்தால் எனக்கு உதை. வாய் திறந்து பேச வேண்டியதில்லை என்பது ஒன்றே எனக்கு ஆறுதல்.

பக்கத்தில் கிடந்த பெஞ்சின்மேல் ஏறினேன். அப்பாவின் தலையிலிருந்து துண்டை உருவினேன்.

"அடேய்!" என்று அவர் கையை ஓங்கினார். அதற்குள் நான் குதித்து இறங்கி ஓடிப்போய், நாற்காலியில் இருந்த பெரிய வாத்தியாரின் வழுக்கைத் தலையில் துண்டைச் சுற்றிவிட்டேன். கட்டு நிற்கவில்லை, துண்டு சரிந்து ஒரு கண்ணை மூடியது. அவர் மறு கண்ணால் என்னைப் பார்த்தார். அப்பா என்னைத் துரத்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, தொடாதே அவனை!" அத்தையின் குரல் கொட்டகையைப் பிளந்தது. "நான் சொன்னதுடா! நான் சொன்னது! இஸ்பெட்டர் காதுல நான் சொன்னது அப்படியே வந்துருச்சுடா!"

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"நான் இங்கிட்டு நின்னு குசுகுசுன்னு சொன்னது, அங்கிட்டுக் காதைப் பொத்திக்கிட்டு நின்ன புள்ளைக்கு எப்படிப் போச்சு? ஆத்தாடி! இதுல மந்திரம் எங்கடா இருக்கு? நான் என்ன மந்திரக்காரியா?"

"இல்லைன்னு யாரு சொன்னா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். அவ்வளவுதான், சிரிப்பு அடக்க முடியாமல் கிளம்பியது. ஒற்றைக் கண்ணை மூடிய துண்டோடு பெரிய வாத்தியார்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். எருமைகள் கட்டாயம் திரும்பிப் பார்த்திருக்கும்.

பிறகு நடந்ததை இன்ஸ்பெக்டராலும் தடுக்க முடியவில்லை. ஆளாளுக்கு வந்து அவர் காதில் ஏதாவது சொன்னார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகளை மாற்றி மாற்றிப் புளியமரத்தடிக்கு அனுப்பினார்கள். தன் புருஷன் மீசையைப் பிடித்து இழுக்கச் சொன்னாள் ஒருத்தி. கடைக்காரர் தராசைத் தூக்கிவரச் சொன்னார் ஒருவர். மோர்க்காரி தன் மகளை ஒரு பாட்டுப் பாடச் சொன்னாள். எல்லாம் எழுதியபடி நடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஊர் ஆரவாரம் செய்தது. அத்தை நடுவில் நின்று, ஏதோ இதையெல்லாம் அவளே கண்டுபிடித்ததுபோல் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். மத்தியான பஸ் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

புறப்படும்போது அவர் வேண்டுமென்றே கேட்டார்: "அப்ப இந்த வாத்தியாரை மாத்திவிட்டுரலாமா?"

"மாத்துவீங்களா? சைக்கிள் சக்கரத்தைக் கழட்டி எங்க வரகுக் குதிருக்குள்ள போட்டுருவேன், பாத்துக்கங்க" என்றாள் அத்தை.

ஆட்டுக்கம்பைப் போட்டுவிட்டு எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாதவர்களும் கொண்டுவந்து விட்டார்கள். இடம் போதாமல் கொட்டகையை மேற்கே நீட்டினார்கள். ஓலை ஊர்க்காரர்கள் கொடுத்தது. பெரிய வாத்தியாரும் தன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓலைத் துண்டு நறுக்க ஆரம்பித்தார். கஞ்சிக்கு மட்டும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மதியம் ஒரு தடவை எல்லாரும் வாசலில் நின்று பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைக் கொல்லைக்குக் கேட்கக் கத்த வேண்டும். புது வாத்தியாரும் எங்களோடு நின்று கத்துவார். அவர் குரல் மட்டும் கேட்காது.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்கு மேல் படிக்க அப்போது எங்கள் ஊரில் வகுப்பு இல்லை. ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. அந்த நரி கிணற்றிலிருந்து வெளியே வந்ததையும் நானே வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று சாயங்காலம் அப்பா அடிப்பார் என்று பயந்து வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டார். போனேன். கடையில் வெல்லம் மடித்துக் கொடுத்த காகிதத்தைத் தொடையில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். ஏதோ பழைய செய்தித்தாளின் கிழிசல். ஒன்றும் சொல்லாமல் அதை என்னிடம் நீட்டினார்.

நான் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி நின்று வாசித்தேன். எங்கேயோ மழை பெய்ததைப் பற்றியும், ஓர் ஆறு கரையை உடைத்ததைப் பற்றியும் இருந்தது. கடினமான வார்த்தைகள். உதடு துளிக்கூட அசையாமல், ஒன்றையும் விடாமல், மேலிருந்து கீழ் வரைக்கும் வந்தேன். ஓலை இல்லாமலே. எனக்கே பெருமையாக இருந்தது.

"வாசிச்சிட்டேம்ப்பா" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசாவா?"

"முழுசாப்பா."

"ம்" என்றார். காகிதத்தை நாலாக மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார். அடி விழவில்லை, அவர் முகத்தில் கோபமும் இல்லை. தப்பித்தேன் என்று நான் தெருவுக்கு விளையாட ஓடினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என் வாயால் கேட்பதற்காகத்தான் அப்பா அதைக் கொடுத்தார் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.